கடலைத் தேடிப் போகிற ஆறு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. நானும் என் வீட்டுக்காரியும் வாயாடியும் ஒரு தும்மல்கூட இல்லாமல் நன்றாக இருக்கிறோம். நீயும் அத்தானும் எப்படி? அத்தானுடைய டிரைவிங் ஸ்கூல் கார் முட்டுவதற்கு ஊரில் இன்னும் சுவர் பாக்கி இருக்கிறதா?

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் ‘சரி’, ‘ம்’, ‘பார்ப்போம்’ என்று பதில் வருகிறது. இந்தச் சங்கதியை ஒரு ‘ம்’மில் கரைக்க எனக்கு மனசில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

‘வழி மறந்த ஆறு’ திரும்ப வந்திருக்கிறது. நம் படம்தான். பழைய பிலிமைத் துடைத்துச் சுத்தம் செய்து பெரிய திரையில் போடுகிறார்கள். வாயாடியைக் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியில் கதை சொன்னேன்: ஓர் ஆறு கடலுக்குப் போகும் வழியை மறந்து நடுக்காட்டில் நின்றுவிடுகிறது, மூன்று பொம்மைகள் பாட்டுப் பாடியே அதைக் கடல்வரை கூட்டிப் போகின்றன, பாட்டு நின்றால் ஆறும் நின்றுவிடும். "அப்போ பொம்மைக்குத் தொண்டை வலிக்காதாப்பா?" என்று கேட்டாள். பின்னால் தொண்டை கட்டுகிற இடம் வருவதை நான் சொல்லவே இல்லை, அவளாகவே கேட்டுவிட்டாள்.

கொட்டாவி என்கிற நம் கரடி திரையில் வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தூங்குமூஞ்சிக் கரடியின் உடம்பில் தையல் தெரிகிறது. அப்பா டிவியிலிருந்து பதிவு செய்த நம் டேப்பில் அது வெறும் பழுப்புத் திட்டு. தகர வீரன் திருகாணியின் வயிற்றில் சின்னதாக ஒரு பூ வரைந்திருக்கிறார்கள். கொக்கின் கழுத்தை ஆட்டுகிற கம்பிகூடத் தெரிந்தது. தெரிந்தும் நம்பினேன்.

பிறகு பாட்டு.

கடலைத் தேடிப் போகிற ஆறே,
கால் வலித்தால் சொல்லு;
பாட்டை நிறுத்த மாட்டோம் நாங்கள்,
பார்த்துப் பார்த்துச் செல்லு.

அந்த ஆறு வேர்க்கடலையைத் தேடிப் போகிறது என்று நான் நம்பியதும், கடைசியில் கடல் வந்ததும் "கடலை எங்கே?" என்று தரையில் புரண்டு அழுததும், நீ எனக்குக் கடலை என்றே பெயர் வைத்ததும், இன்றுவரை யார் எந்தக் காரியமாய் வெளியே போய்வந்தாலும் நம் வீட்டில் "கடலை கிடைச்சுதா?" என்று கேட்பதும் ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தது.

இனிதான் விஷயமே. நம் டேப்பில் பள்ளத்தாக்கு வருகிற இடத்தில் அப்பா தப்பான பொத்தானை அமுக்கிச் சேனல் மாறிச் செய்தி பதிவாகிவிட்டதே, கோட்டுப் போட்ட மாமா ஒருவர் மழை நிலவரம் சொல்வாரே. அவரும் படத்தில் ஓர் ஆள் என்றே நினைத்திருந்தோம். அவர் சொல்லி முடிக்கும்போது ஆறும் மூன்று பொம்மைகளும் எதிர்க்கரையில் இருப்பார்கள். எப்படித் தாண்டினார்கள் என்று நமக்குத் தெரியவே தெரியாது. எனக்கு இப்போது தெரியும். அக்கா, அந்த இடத்தில் நான் ஜெயித்துவிட்டேன். முழுசாக ஜெயித்துவிட்டேன். சொல்லட்டுமா?

உன் அன்புத் தம்பி,
கடலை

பிப்ரவரி 20

அன்புள்ள கடலைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே இருவரும் சுகம். அத்தான் முட்டுவதில்லை, அவரிடம் கற்றுக்கொள்கிறவர்கள்தான் முட்டுகிறார்கள். உன் வீட்டுக்காரியின் முதுகு வலி தேவலையா? குனிந்து பாத்திரம் தேய்க்கிற வேலையை உன்னிடம் தள்ளச் சொல்.

பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதே. எழுதாதே. அத்தானிடமும் சொல்லி வைக்காதே, அவர் வாயில் எதுவும் தங்காது. நீ எதில் ஜெயித்தாய் என்பதையும் உள்ளேயே வைத்துக்கொள். இது விளையாட்டு இல்லை. சொன்னாயானால் அக்கா தம்பி உறவு அன்றோடு சரி.

போனில் ஏதோ கோளாறு. மருந்துக் கடையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. ‘மருந்தின் பெயரை எழுதித் தந்தால் மட்டுமே கிடைக்கும்’ என்று கவுண்டரில் ஒரு பலகை மாட்டிவிட்டேன். "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடுமா, எழுதித்தான் தரணுமா?" என்று ஒரு பெரியவர் சண்டைக்கு வந்தார். எழுதித்தான் தந்தார்.

போன் எதற்கு? கடிதமே எழுது. உன் கையெழுத்து கோழி கிளறினாற்போல இருந்தாலும் படித்துவிடலாம்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். முதுகு வலி தேவலை, பாத்திரம் என் தலையில் விடிந்துவிட்டது. உனக்கு நல்ல பெயர்தான்.

வாயைத் தைத்துக்கொண்டேன். ஆனால் வயிறு உப்புகிறது, அக்கா. நேற்று ஓர் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று ஒரு கணக்கர் உள்ளே மாட்டிக்கொண்டார். என்னோடு வந்த மெக்கானிக் ஒருவன் மோட்டார் அறையில் ரிப்பேர் பார்க்க, நான் கதவுக்கு வெளியே நின்று அவருக்குக் கடலைப் பாட்டைப் பாடினேன். "தம்பி, லிஃப்டை ரிப்பேர் பண்ணுங்க, இல்ல பாட்டையாவது நிறுத்துங்க" என்றார். பள்ளத்தாக்கு ரகசியத்தை அவரிடமாவது சொல்லிவிடலாமா என்று நினைத்து அடக்கிக்கொண்டேன்.

இனி ஒன்று கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. உன் போன் நன்றாகத்தான் இருக்கிறது, அத்தான் எடுத்துப் பேசுகிறாரே. நீ எங்கே என்றால் குளிக்கிறாள் என்கிறார். ஒரு மனுஷி எத்தனை முறைதான் குளிப்பாள்? போன தடவை இங்கே வந்தபோது வாயாடி உன் முதுகுக்குப் பின்னால் நின்று அத்தை, அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நீ திரும்பவில்லை. அப்புறம் எழுதித்தா என்று பலகை. நான் மோட்டார் சத்தத்தை வைத்துக் கோளாறு கண்டுபிடிக்கிறவன். சத்தம் இல்லாததை வைத்தும் கண்டுபிடிப்பேன்.

உனக்குக் காது கேட்கவில்லை. சரியா?

தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

சரி.

ஒரு வரிக்கு ஒரு மாதம் ஆயிற்று. இனி முழுசாக எழுதிவிடுகிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. முதலில் குக்கர் விசில், அப்புறம் கடைக் கதவு மணி. நரம்பு தளர்ந்துவிட்டது என்கிறார்கள். காரணம் கேட்டால் டாக்டரும் என்னைப் போலவே கையை விரிக்கிறார். காதில் வைக்கும் மெஷின் சத்தத்தைப் பெரிதாக்குகிறது, வார்த்தையைத் தருவதில்லை. உதட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் தும்மலை மறைக்க வாயில் கைக்குட்டையோடு கால் வலிக்குத் தைலம் கேட்டார். நான் பல் வலிக்கு எடுத்து நீட்டினேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் பலகை மாட்டினேன். முதலாளி நல்லவர்தான், ஆனால் வருஷக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் குடோனுக்குப் போய் அட்டைப்பெட்டி அடுக்கச் சொல்கிறார். நான் போக மாட்டேன். மருந்தைக் கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்புகிற இடம்தான் என் இடம்.

ஆபரேஷன் செய்து காதுக்குள் ஒரு கம்பியும் வெளியே ஒரு கருவியும் வைக்கப்போகிறார்கள். அந்தக் காதில் மிச்சம் இருப்பதும் அதோடு போய்விடலாம், பிறகு கருவிதான் காது. அது முதலில் வெறும் இரைச்சலாகத்தான் இருக்குமாம். மூளை அதிலிருந்து வார்த்தையைப் பொறுக்கப் பழக வேண்டும். மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றைக் கேட்டுக் கேட்டுப் பழகுங்கள் என்றாள் பயிற்சி தருகிற பெண். எனக்கு மனப்பாடமாக என்ன தெரியும்? மருந்துப் பெயர்களும் அந்தப் படமும்தான்.

இப்போது புரிகிறதா? படத்தை வைத்துப் பழகுவேன். ஆனால் தெரிந்ததைக் கேட்கும்போது காது கேட்கிறதா, ஞாபகம் சொல்லித் தருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரியாத இடம் அந்தப் படத்தில் ஒன்றுதான் இருக்கிறது. மனிதர்கள் பேசினால் உதட்டில் பாதியைத் திருடிவிடுவேன். பொம்மைக்கு உதடு கிடையாது, துணி வாய் திறந்து மூடும், அவ்வளவுதான். என்னை நானே ஏமாற்ற முடியாத பரீட்சை அது. கேள்வித்தாளை நீ முன்கூட்டியே வெளியே விடாதே.

பழைய டேப் உன்னிடம்தானே இருக்கிறது? அதன் சத்தத்தை மட்டும் பதிவு செய்து அனுப்பு. கோட்டு மாமாவையும் சேர்த்து.

என்னைப் பார்த்து யாரும் உச்சுக்கொட்டக் கூடாது. அதற்குத்தான் சொல்லாமல் இருந்தேன்.

அக்கா

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்திருந்தேன். அழுதேன். உச்சுக்கொட்டவில்லை, வெறுமனே அழுதேன். அதற்குத் தடை போட உனக்கு உரிமை இல்லை.

டேப் பூசணம் பிடித்துக் கிடந்தது. துடைத்து, ஒரு நண்பனின் கடையில் ஓட்டி, பென் டிரைவில் ஏற்றி இதனுடன் அனுப்பியிருக்கிறேன். நீ நடுவில் கத்துவதும் அப்படியே இருக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? அப்பா ஏதோ மைக்கை வைத்துப் பதிவு செய்திருப்பார் போல. "டேய் கடலை, கொட்டாவி மேல கால் வைக்காதே" என்கிறாய். நான் டிவி திரையில் காலை வைத்திருப்பேன்.

ஆபரேஷன் தேதியைச் சொல். நான் வருகிறேன்.

தம்பி

மே 1

அன்புள்ள தம்பிக்கு,

நலமே. பென் டிரைவ் வந்தது. இந்த மாத நடுவில் ஆபரேஷன். நீ வராதே. நீ வந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும், உன் முகம் எதையும் மறைக்காது. பள்ளத்தாக்கும் அதிலேயே தெரிந்துவிடும்.

கருவி வைத்தபின் நானே எழுதுவேன். வாயாடிக்கு முத்தம். அத்தை திரும்பிப் பார்க்காததற்கு அத்தையின் காதுதான் காரணம், அத்தை இல்லை என்று சொல்.

அக்கா

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் நலம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, காயமும் ஆறிவிட்டது, கருவியையும் மாட்டியாயிற்று என்று அத்தான் சொன்னார். அதற்குமேல் கேட்டால் "அவளே எழுதுவா, மாப்பிள்ளை" என்கிறார். எதுவும் தங்காத வாய் இப்படிப் பூட்டிக்கொண்டதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு ‘ம்’ போதும். அனுப்பு.

தம்பி

ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

கருவியை முடுக்கிய அன்று பயிற்சிப் பெண் வாயசைத்தாள். பேச்சு வரவில்லை, பரணிலிருந்து பாத்திரம் உருண்டாற்போல ஒரு சத்தம் வந்தது. அத்தான் பேசினாலும் அதே பாத்திரம்தான். பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். பொறுத்தேன்.

பிறகு பாட்டைப் போட்டேன். தம்பி, பாட்டு இல்லை அதில். நான் உனக்குப் பாடித் தூங்க வைத்த பாட்டு அது. தகரத்தை யாரோ இழுத்துக்கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான். ராகம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, ஒன்றுமே இல்லை. கருவியைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். அத்தானோடு பேசவில்லை. உனக்கு எழுதாததும் அதனால்தான்.

அத்தான் கெஞ்சவில்லை, டிராயரைத் திறக்கவும் இல்லை. தினமும் சாப்பிட உட்காரும்போது மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு நாள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட், தட், தடதட், தட். கொக்குக்கும் கொட்டாவிக்கும் தொண்டை கட்டியதும் திருகாணி தன் தகர வயிற்றைத் தட்டிக்கொண்டே ஆற்றைக் கூட்டிப் போவானே, அந்தத் தாளம். மனுஷனுக்கு அந்தப் படமே பிடிக்காது. பென் டிரைவைப் போட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார்.

எழுந்து போய்க் கருவியை எடுத்து மாட்டினேன். அந்த இடத்தைப் போட்டேன். தாளம் அப்படியே இருந்தது. ஒரு தட்டுகூடச் சிதறவில்லை. ராகம் போனாலும் தாளம் கருவியில் நன்றாக வரும் என்று பயிற்சிப் பெண் பிறகு சொன்னாள். முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஆறு தாளத்துக்கே நடந்ததே. நானும் நடப்பேன்.

அக்கா

ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். அத்தானுக்கு என் நமஸ்காரம். இனி அவருடைய காரைக் கேலி செய்ய மாட்டேன், இந்த மாதம் மட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மோட்டார் அறை எனக்கு ஒரே இரைச்சல்தான். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு "பேரிங் போச்சு" என்பார். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ரொம்ப நாள் பொய்யாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அதே இரைச்சலுக்குள் பேரிங் தனியாகக் கேட்டது. எப்போது மாறியது என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு வந்தது உனக்கு வராதா? நீ என்னைவிடப் பிடிவாதக்காரி.

ஒரு நல்ல செய்தி. படத்தை வெளியிடுகிறவர்களிடம் விசாரித்தேன். தியேட்டர்காரர் கேட்டால் எந்த ஊருக்கும் அனுப்புவார்களாம். விலாசத்தைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

உள்ளே இருப்பது இன்னும் உள்ளேயே இருக்கிறது. என் வீட்டுக்காரிக்கும் வாயாடிக்கும்கூட வாய்ப்பூட்டுப் போட்டிருக்கிறேன். வாயாடிக்குப் பூட்டுப் போடுவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும்.

தம்பி

செப்டம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன், நேரமில்லை.

தியேட்டர் மேனேஜர் முதலில் "பொம்மைப் படத்துக்கு யாரும்மா வருவா?" என்றார். மருந்து வாங்க வந்தவர்களிடமெல்லாம் இந்தப் படம் வந்தால் பார்க்க வருவேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். பலகைதான் இருக்கிறதே, எல்லோருக்கும் எழுதிப் பழகிவிட்டது. பலகையை எதிர்த்த பெரியவர் மூன்று பேர் கையெழுத்தைத் தானே போட்டுத் தந்தார். கையெழுத்துத் தாள்களைக் கட்டி மேனேஜர் முன் வைத்தேன். ஜுரம், இருமல், நீரிழிவு எல்லாம் சேர்ந்து வந்திருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, ஒத்துக்கொண்டார்.

தினமும் கடைக்குப் போகுமுன் படத்தைக் கேட்கிறேன். திருகாணியின் குரல் முதலில் பிரிந்தது. பிறகு கொக்கு. கொட்டாவிதான் இழுத்து இழுத்துப் பேசிக் கழுத்தை அறுக்கிறது. கோட்டு மாமா சொல்கிற மழை நிலவரம் முழுசாகக் கேட்கிறது, ஆனால் அதுவும் எனக்கு மனப்பாடம். இதுதான் தொல்லை. கேட்கிறேனா, நானே உள்ளே பேசிக்கொள்கிறேனா என்று சில நாள் சந்தேகம் வந்துவிடுகிறது. கடையில் பலகை இன்னும் இருக்கிறது. பள்ளத்தாக்கைத் தாண்டாமல் அதைக் கழற்ற மாட்டேன்.

அக்கா

நவம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம் எல்லாம் கடைசியில். முதலில் இதைப் படி.

மத்தியானக் காட்சிக்குப் போனோம். அத்தானை மூன்று வரிசை தள்ளி உட்கார வைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நாளைக்கு எனக்கே சந்தேகம் வரக்கூடாது. அவரிடம் இன்னும் கேட்கவும் இல்லை. பரீட்சைத்தாளைத் திருத்த வேண்டியது நீதான்.

திருகாணியின் வயிற்றில் பூவைப் பார்த்தேன். நீ சொன்னது சரி. பாட்டு வந்தது. பழைய பாட்டு இல்லை, தம்பி, அது திரும்ப வராது. ஆனால் வார்த்தை வார்த்தையாக வந்தது.

பள்ளத்தாக்கு வந்தபோது கோட்டு மாமா வந்துவிடுவார் என்று உடம்பு தானாகவே காத்திருந்தது. வரவில்லை. மூன்று பேரும் களைத்துப்போய்க் கரையில் உட்கார்ந்தார்கள். ஆறு நின்றுவிட்டது. கொட்டாவி ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, மெதுவாக, இழுத்து இழுத்துப் பேசியது. நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்:

"அது சரி, இந்த ஆறு இவ்வளவு தூரம் கடலை தேடிப் போகுதே, வறுத்ததா, அவிச்சதா?"

தியேட்டர் சிரித்தது. ஆறும் சிரித்தது, சிரித்துச் சிரித்துப் பொங்கி ஒரே தாவாகப் பள்ளத்தாக்கைத் தாண்டியது. அது நான் கண்ணால் பார்த்தது, அதில் சந்தேகமில்லை. அந்த வரியில்தான் சந்தேகம். என் காது நீ அழுததை ஞாபகம் வைத்துக்கொண்டு, நான் ஆசைப்படுவதைத் தானே கட்டித் தருகிறதோ? படம் எடுத்தவர்களுக்கு நம் வீட்டுக் கடலை எப்படித் தெரியும்? ஆனால் நீ ஜெயித்துவிட்டேன் என்று எழுதினாயே. அது இதுவா?

பிறகு கொக்கு ஏதோ பதில் சொன்னது. சிரிப்புச் சத்தத்தில் அது பிடிபடவில்லை. பிடிபடாததையும் எழுதிவிட்டேன்.

உள்ளதை உள்ளபடி சொல். ஆறுதலுக்காக ஒரு வார்த்தை கூட்டினாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

அக்கா

பின்குறிப்பு: எல்லோரும் நலம்.

நவம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை மோட்டார் அறையில் நின்று படித்தேன். கீழே லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள் என்ன சத்தம் என்று கேட்டிருப்பார்கள்.

வறுத்ததா, அவிச்சதா. அதேதான். ஓர் எழுத்துப் பிசகில்லை. நம் வீட்டில் மட்டும் இல்லை, அக்கா, ஊர் உலகத்தில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கேட்டிருக்கின்றன, படம் எடுத்தவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. அப்பா அந்தப் பொத்தானை அமுக்காமல் இருந்திருந்தால் நான் அன்றே மானத்தோடு பிழைத்திருப்பேன். பிப்ரவரியிலிருந்து இதை வயிற்றில் கட்டிக்கொண்டு அலைகிறேன். இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த வெற்றியை அக்காவிடம் சொல்ல முடியாத தம்பி உலகத்தில் நான் ஒருவன்தான்.

கொக்கு சொன்னதைச் சொல்ல மாட்டேன். படம் இன்னும் ஓடுகிறதல்லவா, திரும்பப் போய்க் கேள்.

பலகையைக் கழற்று. பெரியவரைக் கூப்பிட்டே கழற்று, அவருக்கும் ஒரு சந்தோஷம் வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் போன் அடிக்கும். குளிக்கப் போய்விடாதே. பேசப்போவது வாயாடி. என்ன கேட்பாள் என்று எனக்கே தெரியாது. போனை எடு.

கடலை